யாரும் மவுத்தாகாத வீட்டுக்கு வந்த ஜெஸீமா ராத்தா

முற்பகலில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி திறக்கும் சத்தம் கேட்டது. தொழுகை நேரமில்லாத நேரத்தில் அது திறந்தால் என்ன செய்தி வரும் என்று எங்கள் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுத்தேன். மர்ஹூம் அப்துல் கபூர் அவர்களின் மனைவி காலமாகிவிட்டார் என்று அறிவித்தார்கள். எந்த அப்துல் கபூர் என்று எனக்கு விளங்கவில்லை. வெங்காயத் தோட்டங்களின் பக்கமிருந்து அடித்த காற்று மிச்சச் சத்தத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஒரு பெண் மவுத்தானால் அடுத்து நடப்பது எனக்குப் பழக்கம். சற்று நேரத்தில் ஜெஸீமா ராத்தா தன் துணிப்பையோடு எங்கள் வாசலைக் கடந்து போவார். ஊரில் மவுத்தான பெண்களின் ஜனாஸாக்களைக் குளிப்பாட்டுகிறவர் அவர்தான். அவரைக் கேட்டால் யாரென்று தெரிந்துவிடும் என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேற்றடியில் போய் நின்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ரோட்டில் இரண்டு கழுதைகள் அசையாமல் நின்றன. வேறு ஓர் உயிரும் இல்லை. என்ன, இன்றைக்கு இவ்வளவு பிந்துகிறார் என்றுகூட நினைத்தேன்.

பக்கத்து வீட்டு மஸாஹிமா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இங்க என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க?"

"ஜெஸீமா ராத்தா போகக்குள்ள கேப்பம் எண்டு நிக்கிறன். ஆரு மவுத்து?"

அவள் என் கையைப் பிடித்தாள்.

"அவங்கதான்," என்றாள். "விடிய சுபஹுத் தொழுதுட்டுப் படுத்தாங்களாம். எழும்பல்ல."

கணவரின் பெயரைச் சொல்லி அவரை யாரும் அறிந்ததில்லை. அதனால்தான் விளங்காமல் போனது. எனக்கு உடனே அழுகை வரவில்லை. மறுபடியும் ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வருவார் என்றே என் கண்ணுக்கு இன்னும் தோன்றிக்கொண்டிருந்தது.

கற்பிட்டிப் பக்கத்தில் ஜெஸீமா ராத்தாவைத் தெரியாத பெண்கள் குறைவு. தெரிந்தவர்களிலும் பாதிப் பேர் அவருக்குப் பயந்தவர்கள். நானும் பயந்தவள்தான். அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயந்தவர்களுக்காகவும்.

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, இந்த வீதியோரம் கிடுகுக் கொட்டில்களில் நாங்கள் கேம்ப் போட்டிருந்த காலத்தில் அவர் கைக்குழந்தைக்காரி. மவுத்தான பெண்ணின் மய்யித்தைப் பெண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். வந்த வழியில் ஊரே சிதறியதில் அவர்கள் எந்தக் கேம்பில் போய்ச் சேர்ந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் கேம்பில் முதலாவதாக ஒரு பெண் மவுத்தானபோது, மற்றப் பெண்கள் கொட்டிலுக்கு வெளியே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். ஜெஸீமா ராத்தா பிள்ளையை இன்னொருத்தியின் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போயிருக்கிறார்.

மறைப்புக்குச் சுவர் இல்லை. நான்கு பெண்கள் சாரிகளை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க, அதற்குள் வைத்துக் குளிப்பாட்டினார்கள். கச்சான் காற்றுக் காலம். சாரி ஊதி ஊதி உள்ளே வந்து அவர் முகத்தில் ஒட்டியதாம்.

"மவுத்தானவ கையப் போட்டு என்ட முகத்தத் தடவுற மாதிரி இருந்திச்சு," என்று பின்னாளில் எங்களுக்குச் சொன்னார். "ஓடிப்போயிருப்பன். நாலு பக்கமும் ஆக்கள் நிண்டதால ஓட ஏலாமப் போச்சு."

அந்த நான்கு பெண்களும் அவரும்தான் எங்கள் பெண்கள் சங்கத்தின் தொடக்கம். அப்போது அதற்குப் பெயர் இருக்கவில்லை. மய்யித்தைச் சுற்றும் கபன் துணி, கற்பூரம், சவர்க்காரம், தண்ணீர் சுடவைக்கப் பெரிய அலுமினியப் பானை என்று வீடு வீடாகச் சேர்த்து அவர் கொட்டிலில் வைத்தார்கள். கொட்டில்கள் போய்க் கல்வீடுகள் வந்த பிறகு அவையெல்லாம் அவர் வீட்டு அலுமாரிக்குள் போயின. இன்று கிளினிக்குக்கு ஆள் கூட்டிப்போகிறோம், பிரஷர் பார்க்கிறோம், ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறோம். ஆனால் எங்கள் சங்கம் சாவுக்காகத் தொடங்கப்பட்ட சங்கம். உயிரோடிருப்பவர்களுக்காக அது பல வருடங்களாக ஒன்றுமே செய்யவில்லை.

அவர் கடந்துபோனால் கற்பூர வாசம் கொஞ்ச நேரம் நிற்கும். கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் அறைக்குள் அவரை யாரும் கூப்பிடமாட்டார்கள். அவரும் போகமாட்டார். பின்பக்கம் சமையல் நடக்கும் இடத்தில் நின்று சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார். சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு "இந்தா, ஜெஸீமா ராத்தா வாறா" என்று சொன்னால் போதும். அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. "எனக்குப் பயந்தாவது ரெண்டு வாய் தின்னட்டும்," என்றாராம்.

என் உம்மா மவுத்தானபோதுதான் அவர் வேலை செய்வதை முதன்முதலாகக் கிட்ட நின்று பார்த்தேன். தண்ணீர் ஊற்றிக் கொடுக்க மகள் என்று என்னை உள்ளே விட்டார்கள். துணியால் மூடியபடியே குளிப்பாட்டுவார்கள். துணிக்குக் கீழே கைதான் பார்க்கும். ஜெஸீமா ராத்தா என் உம்மாவின் காதருகே குனிந்தார்.

"உம்மா, இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பப்போறம்," என்றார்.

சொல்லிவிட்டு நிறுத்தினார். பதிலுக்குக் காத்திருப்பவர் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பதில் கிடைத்தவர் போல மெதுவாகத் தலையாட்டிவிட்டுத்தான் திருப்பினார். என் கையிலிருந்த பாத்திரம் சரிந்து தண்ணீர் என் காலில் கொட்டியது. ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்று பல வருடங்களுக்குப் பிறகு விசாரித்தேன். "ஒருத்தரக் கேக்காமத் தொட எனக்கு ஏலா," என்றார். அதற்கு மேல் விளக்கம் தரவில்லை.

உம்மாவுக்கு என்ன நோய் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நாங்கள் முயலவும் இல்லை. சில வருடங்களில் என் மூத்த சகோதரி ஸரீனா மெலியத் தொடங்கினார். கேட்டால் கெஸ்ட்ரிக் என்பார். இடது கையை எப்போதும் நெஞ்சோடு அணைத்தபடியே இருப்பார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது எல்லாம் பிந்திவிட்டது. அவரைக் குளிப்பாட்டியபோது நான் உள்ளே போகவில்லை, கதவுக்கு வெளியே குந்தியிருந்தேன். கதவு திறந்தது. ஜெஸீமா ராத்தா ஈரக் கைகளோடு வெளியே வந்து என்னைப் பார்த்தார். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்தார், குனிந்து தன் கையைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அவர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்.

முதல் முறை வந்தது நடுப்பகலில். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவர். வீட்டில் யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. கணவர் தோட்டத்தில் நின்றார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், மாமி பாயில் படுத்திருந்தார். "இருந்திட்டுப் போக வந்தன்," என்று சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் காற்றாலைகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

மாமி பாயிலிருந்து எழுந்துவிட்டார். "ஆள் பாத்துட்டுப் போறா. இந்த ஊட்டுல ஆருக்கு என்ன நடக்கப்போகுதோ," என்றார். சாம்பிராணி போட்டார். அவர் இருந்த கதிரையை வெளியே தூக்கிப்போய் வெயிலில் வைக்கச் சொன்னார்.

சில நாட்களில் மறுபடியும் வந்தார். அதே நேரம், அதே மௌனம். அக்கம்பக்கத்தார் கவனிக்கத் தொடங்கினார்கள். ஜெஸீமா ராத்தா யாரும் மவுத்தாகாத வீட்டுக்குப் போய்வருகிறாராம் என்று கதை பரவியது. கடைக்குப் போனால் என்னிடம் யாரும் சரியாகக் கதைப்பதில்லை. இரக்கத்தோடு பார்த்தார்கள். நான் இருக்கும்போதே இல்லாதவளாகிவிட்டது போல இருந்தது.

மூன்றாவது தடவை வந்தபோது மாமி வீட்டில் இல்லை. எனக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது.

"எங்கட ஸரீனா ராத்தாட மேலுல என்ன கண்டீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"அதக் கேக்காத பஸ்லியா. குளிப்பாட்டுறவ கண்டது அவவோட மண்ணுக்குள்ள போகணும். அது அமானிதம், நம்பித் தந்தது."

"அப்ப என்னத்துக்கு வாறீங்க? ஊரே என்ட மவுத்தக் கதைக்குது."

அப்போதுதான் அவர் கைகளைக் கவனித்தேன். மடியில் கிடந்த அந்தக் கைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. எத்தனையோ மய்யித்தைத் திருப்பிய கைகள்.

"பயத்துல வாறன்," என்றார். "வந்து வந்து வாய் தொறக்க ஏலாமத் திரும்பிப் போறன். மவுத்தானவங்களப் பத்தி நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டன். உன்னப் பத்திக் கேக்கலாம்தானே? உன்ட மேலுல நீ பாத்தியா?"

சில மாதங்களுக்கு முன் குளிக்கும்போது என் கைக்கு ஒன்று தட்டுப்பட்டிருந்தது. தட்டுப்படாதது போலவே விட்டுவைத்திருந்தேன். கணவருக்கும் சொல்லவில்லை. ஜெஸீமா ராத்தாவுக்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அழுதேன். அவர் எழுந்து நின்றார்.

"அபாயாவப் போடு."

"இப்பவா? அவருக்குச் சொல்லணும்."

"பஸ்ஸுல இருந்து சொல்லு."

புத்தளம் பஸ்ஸில் சனம் நெரிந்தது. ஆனால் எங்களுக்குப் பக்கத்து ஆசனம் பாலாவிச் சந்திவரை வெறுமையாகவே வந்தது. ஆஸ்பத்திரியில் நல்ல லேடி டொக்டர் ஒருவர் பார்த்தார். பரிசோதனைகளுக்குப் பிறகு கொழும்புப் பக்கத்து மஹரகம பெரியாஸ்பத்திரிக்கு எழுதினார்கள். எங்கள் பக்கத்தில் அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே போதும், நோயின் பெயர் சொல்லத் தேவையில்லை.

சத்திரசிகிச்சை முடிந்து நான் வார்டில் கிடந்தபோது ஜெஸீமா ராத்தா சோற்றுப் பார்சலோடு வந்தார். எனக்கு எதிர்க் கட்டிலில் கற்பிட்டிப் பெண் ஒருத்தி இருந்தாள். மருந்தில் தலைமுடியெல்லாம் கொட்டிப்போனவள். வாசலில் ராத்தாவைக் கண்டதும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு அலறினாள்.

"என்ன எடுக்கவா வந்தீங்க? நான் இன்னும் மவுத்தாகல்ல!"

வார்டே திரும்பிப் பார்த்தது. ராத்தா அசையாமல் நின்றார். அவர் முகம் அப்படி வெளுத்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு அவளுடைய கட்டிலடிக்குப் போனார்.

"இல்ல புள்ள. சோறு கொண்டந்தன். மீன் ஆணம். தின்னுறியா?"

எனக்கு வந்த பார்சலில் பாதி அவளுக்குப் போனது. தின்று முடிக்கும்வரை அவள் ராத்தாவின் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நான் வீடு திரும்பினேன். ஆனால் ஸரீனாவின் கணவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் முறையிட்டுவிட்டார். மவுத்தான தன் மனைவியிடம் கண்டதை ஜெஸீமா வெளியில் சொல்லித்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்றும், இனித் தன் குமர்ப்பிள்ளைகளைப் பெண் கேட்டு யார் வருவார்கள் என்றும் கேட்டிருந்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மனைவியை இழந்து பெண்பிள்ளைகளோடு தனியே நின்ற மனிதர். விசாரணை முடியும்வரை குளிப்பாட்டப் போகவேண்டாம் என்று ராத்தாவுக்குச் சொன்னார்கள்.

அந்த நாட்களில் ஒரு பெண் மவுத்தானாள். நான் ராத்தாவைப் பார்க்கப் போனேன். ஒலிபெருக்கியைக் கேட்டதும் அவர் உடுத்துக்கொண்டு, பையை எடுத்து மடியில் வைத்தபடி வாசற்கதிரையில் உட்கார்ந்திருந்தார். போகவில்லை. உள்ளேயும் வரவில்லை. நான் பேசியது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவருடைய உதடுகள் மட்டும் அசைந்தன. கிட்டப்போய்க் கேட்டேன். மூன்று வீதிக்கு அப்பால் கிடந்த அந்தப் பெண்ணிடம், இப்போது கையைத் தூக்கப்போகிறார்கள், பயப்படாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

விசாரணை பள்ளிவாசலின் பக்க அறையில் நடந்தது. நடுவில் திரை கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நாங்கள். தலைவர் நிதானமான மனிதர்.

"நீங்க ஏதும் சொன்னீங்களா?"

"இல்ல," என்றார் ராத்தா.

"அப்ப அந்த ஊட்டுக்கு ஏன் போனீங்க?"

ராத்தா பதில் சொல்லவில்லை. சொன்னால் அதுவே ஸரீனாவைப் பற்றிய சொல்லாகிவிடும். அவர் வாயைத் திறக்கமாட்டார் என்று எனக்கு விளங்கியது. குளிப்பாட்டும் உரிமையை விட்டுவிடுவார், ஊரைவிட்டுப் போகவேண்டி வந்தாலும் போவார், பேசமாட்டார். நான் எழுந்தேன். எதிரில் முகங்கள் இல்லை. துணி மட்டும்தான் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. அந்தத் துணியைப் பார்த்துக் கதைத்தேன்.

"நான் ஸரீனாட தங்கச்சி பஸ்லியா. ஜெஸீமா ராத்தா எனக்கு ஒண்டும் சொல்லல்ல. நான் கேட்டும் சொல்லல்ல. எங்கட ராத்தாக்கு என்ன இருந்திச்செண்டு எனக்கும் தெரியா. எனக்கு இருந்தது மார்புல கென்ஸர். வெட்டி எடுத்தாங்க. நான் ஹயாத்தோட இருக்கன்."

அந்த நோயின் பெயரை எங்கள் ஊரில் ஒரு பெண் தன் வாயால் உரத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். திரைக்கு அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. ஆட்களே இல்லையோ என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு ஸரீனாவின் கணவர் விம்முவது கேட்டது.

"போதும் புள்ள, இருங்க," என்றார் தலைவர்.

முறைப்பாடு அதோடு முடிந்தது. மறுநாள் ஸரீனாவின் மூத்த மகள் என் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, எப்படிப் பார்ப்பது என்று கேட்டாள்.

இதைப் பற்றிப் பெண்களோடு பேச மத்ரஸா மண்டபத்தை எங்களுக்குத் தந்தார்கள். குடும்பநலத் தாதி ஒருவர், நாங்கள் மிஸி என்போம், கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண், பேச வந்திருந்தார். அதற்கு முன் ராத்தாவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னோம். அவர் எழுந்து நின்றார்.

"எனக்குக் கதைக்கத் தெரியா. நாங்க குளிப்பாட்ட முந்தி, நீங்க குளிக்கக்குள்ள பாருங்க."

அவ்வளவுதான். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். ஒருத்தி செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினாள். மிச்சப் பேரோடுதான் இன்றைய சங்கம் உண்டானது. மிஸியின் ஊர் மீன்வாடிகளுக்கும் போனோம். அங்கே கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, "நீங்கதானா அந்தப் பொம்பிள?" என்று இரண்டடி பின்னால் போனாள். "ஓம், நான்தான். இன்டைக்கு வேலையா வரல்ல," என்றார் ராத்தா. அவள் சிரித்துவிட்டாள். பெண்களைப் பரிசோதிக்கும் அடுத்த சுகவனிதையர் கிளினிக்குக்கு அவளே ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தாள்.

கிளினிக்குக்கு வெறும் வயிற்றோடு வருபவர்களுக்கு ஜனாஸாப் பானையில் கஞ்சி காய்ச்சலாம் என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மட்டும் நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "பானைக்கு என்ன தெரியும்?" என்று முணுமுணுத்தார்.

எல்லோரையும் காப்பாற்றினோம் என்று சொல்லமாட்டேன். மூன்று முறை போய்க் கெஞ்சியும் வராத ஒருத்தியை அவர் குளிப்பாட்ட நேர்ந்தது. அன்று வெளியே வந்து, சுவரில் சாய்ந்து, "கேட்டன். இன்டைக்கும் பதில் சொல்றா இல்ல," என்றார். யாரைச் சொல்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை.

அவருடைய ஜனாஸாவைச் சங்கத்துப் பெண்கள்தான் குளிப்பாட்டினோம். நானும் ஒருத்தி. ளுஹர்த் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் மையவாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டில் பெண்கள் மட்டும் மிஞ்சினோம். கேம்பில் கைக்குழந்தையாக இருந்த அவருடைய மகள், இப்போது புத்தளத்தில் குடியிருப்பவள், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உம்மாட மேலுல ஏதும் இருந்திச்சா?" என்று கேட்டாள்.

அங்கிருந்த ஒவ்வொருத்திக்கும் அந்தக் கேள்வி இருந்தது. எல்லோரையும் பார்க்கச் சொன்னவர் தன்னைப் பார்த்தாரா? நான் ஈரம் காயாத என் கைகளைச் சாரிக்குள் மறைத்துக்கொண்டேன்.

"புதன்கிழமை கிளினிக். என்னோட வா," என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் ஒன்றைக் கண்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஒன்றும் காணாதிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எது என்பதை அவள் என் முகத்தில் தேடினாள். நான் கொடுக்கவில்லை. ஜெஸீமா ராத்தாவிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்த முகம். என் மவுத்துவரை அதை வைத்திருப்பேன்.

புதன்கிழமை அவள் வந்தாள்.